கேப்டன் நிர்மலா எழுதித் தர மறுத்த நேரம்

கேப்டன் நிர்மலா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று என் மகள் அபிநயா போனில் அழுதபோது, காஞ்சிபுரத்தில் என் பட்டுக்கடையில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தேன். "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டு அடுத்த புடவையைப் பிரித்தேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

அவரிடம் விமானம் ஓட்டக் கற்று, இன்று இங்கே கூடியிருக்கும் நீங்கள் எல்லோரும் அவருடைய பொறுமையைப் பற்றிச் சொல்கிறீர்கள். அதை அதிகம் சோதித்தவன் நான்.

பயிற்சியில் ஒருநாள், தென்னேரி ஏரி கீழே தெரிந்துகொண்டிருந்தபோதே மேகம் மூடிவிட்டதாம். வெளியே ஒன்றும் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்து அபிநயா ஓட்டியிருக்கிறாள், பக்கத்தில் கேப்டன். "எம் பொண்ணு மேகத்துக்குள்ள தனியா ஓட்டினா" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்தேன். பறந்த நேரத்தைக் குறிக்கும் அவளுடைய பதிவேட்டிலோ அந்த நேரம் வெறும் பயிற்சி என்றுதான் இருந்தது. கேப்டனிடம் கேட்கப் பயிற்சிப் பள்ளிக்கே கிளம்பிப் போனேன்.

"ஓட்டினது எம் பொண்ணுதானேம்மா? அவ பொறுப்புல ஓட்டினான்னு எழுதினா என்னா கொறஞ்சிடும்? லைசென்சு சீக்கிரம் வரும்ல?"

"மேகத்துக்குள்ள பொறுப்பா ஓட்டணும்னா இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்னு தனி அனுமதி வேணும் சார். அவகிட்ட இன்னும் அது இல்ல. கை அவளோடது, பொறுப்பு என்னோடது. அப்படித்தான் எழுத முடியும்."

நியாயமான பதில். நானோ மாணவர்கள் நடுவே, "சின்னப் பொண்ணு முன்னுக்கு வர்றது உனக்கு வயித்தெரிச்சலா இருக்குது!" என்று கத்தினேன். 'உனக்கு' என்றே சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "தண்ணி குடிங்க சார்" என்றார்.

அபிநயா வெகுநாள் என்னோடு பேசவில்லை. கேப்டன்தான் அவளைத் திட்டிப் பேச வைத்தார். பிறகு அந்த ரேட்டிங்கையும் அவள் முறைப்படி வாங்கினாள். நன்றி சொல்லக்கூட நான் போகவில்லை. போனால் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும்.

இறுதிச் சடங்கில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அபிநயா அப்பாதானே? உங்களப் பத்தி நிர்மலா அடிக்கடி சொல்லுவா சார். பொண்ணுங்களப் பயிற்சியிலேர்ந்து நிறுத்தத்தான் அப்பாங்க வருவாங்க, பொண்ணுக்காகச் சண்ட போட வந்தவர் இவர் ஒருத்தர்தான்னு."

பக்கத்தில் நின்ற அபிநயா என்னைப் பார்த்தாள். 'அப்படியில்லை சார்' என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டினேன்.

கேப்டன் எனக்கென்று விட்டுப்போனது அந்த நல்ல பெயர் ஒன்றுதான். நான் போட்ட சண்டை ஒரு பொய்யை எழுதச் சொல்லித்தான் என்று உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அவர் கணவரிடம் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது.