நான் சேர்க்காத ஒரு வார்த்தை

இந்த நேரத்தில் நம் குரூப்பில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தூங்கியிருப்பீர்கள். பக்கத்தில் மகன் தூங்குகிறான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் டைப் பண்ணுகிறேன்.

மெஷினிலிருந்து சூடாக வெளியே வரும் பிரின்ட் தாளின் வாசனை...

பி.சி.ஏ. முடித்ததும் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேனே, அங்கே நாள் முழுக்க அந்த வாசனைதான். எழுத்து தேய்ந்த கீபோர்டு. ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், பயோடேட்டா. நடுவில் சிலர் நோயைச் சொல்லித் தேடித் தரச் சொல்வார்கள். இங்கிலீஷில் ஒரு தாள் கையில் இருந்தால் டாக்டர் கொஞ்சம் நின்று பேசுவார் என்று ஒரு நம்பிக்கை.

அப்படித்தான் முனிரத்தினம் அண்ணன் வந்தார். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். கூடவே மகள் லாவண்யா, எட்டு வயது இருக்கும், கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"அப்டியே நின்னுடுதும்மா. கண்ணு தொறந்துகினுதான் கீது, கூப்ட்டா கேக்கல. உங்க கம்ப்யூட்டர் ஹேங் ஆவுதே, அந்த மாதிரி."

"நைனா பொய் சொல்றாருக்கா. நான் நல்லாதான் கீறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் ஹால் டிக்கெட்டுக்கு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் பாஷையிலேயே அடித்தேன்... திடீரென்று ஃப்ரீஸ் ஆகிறது, ரெஸ்பாண்ட் பண்ணவில்லை. முதலில் வந்த பக்கத்தைப் படிக்காமலே பிரின்ட் கொடுத்தேன். அதைத் துணிக்கடை கவருக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு போனார்.

போகும்போது லாவண்யா வாசலில் ஒரு நொடி நின்றாள். பிஸ்கட் வாய்க்கும் கைக்கும் நடுவில். அவர் அவள் தோளைத் தொட்டதும் நடந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஹால் டிக்கெட்டை எடுத்தேன்.

பத்து நாள் கழித்து அதே கவரோடு வந்தார். கோபமே இல்லை.

"இதுல கம்ப்யூட்டருக்குத்தான் எழுதிகீதாம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணணுமாம். டாக்டர் சத்தமா படிச்சாரு. உக்காந்துகினு இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. எம் பொண்ணும் சிரிச்சா."

"ஸாரிண்ணா. வேற எடுத்துத் தரேன், இருங்க."

"வேணாம்மா. இன்னொரு வாட்டி அங்க எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது."

அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை அன்று மலைப்படியில், மொட்டைத் தலை, தோளில் பூக்காவடி. மனைவி கூட வந்தார். லாவண்யா இல்லை. கேட்டிருக்கலாம். நான் கூட்டத்துக்குள் நகர்ந்து, அவர் மேலே போகிறவரை தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

போன வாரம் என் மகன் இட்லியை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். இன்றைக்கு மூன்று தடவை. "கண்ணா, அம்மாவைப் பார்" என்றால் என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மெல்லுகிறான்.

அன்றைக்கு ஒரு பக்கம் திறக்க சென்டருக்கு வரணும், வரிசையில் நிற்கணும். இன்றைக்கு எல்லாம் கையிலேயே இருக்கிறது. ஆனாலும் விரல் அதே வார்த்தைகளைத்தான் அடித்தது. அதே பதில்தான் வந்தது... ரீஸ்டார்ட் பண்ணுங்கள். கூடவே 'குழந்தை' என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். பக்கம் முழுக்க மாறிவிட்டது. ஒருவகை வலிப்பாக இருக்கலாம், கை கால் இழுக்காது, சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும் என்று போட்டிருக்கிறது.

அந்த ஒரு வார்த்தையை நான் அன்றைக்குச் சேர்க்கவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் இவனை வேலூருக்குக் கூட்டிப் போகிறோம். டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் லாவண்யா எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் என்னால் கண்ணை மூட முடியவில்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது விசாரியுங்கள். நல்ல செய்தியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மறைக்காதீர்கள்.

பார்த்ததும் பதில் போடுங்கள்.