சாராயம் தேடிய எக்கோ

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறையில் வேலை செய்த காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நோயாளி கட்டிலில் ஏறுமுன்பே ரிப்போட் ஃபோமில் ‘மைட்ரல் வால்வு பழுது’ என்று எழுதிவிடுவேன். எங்களிடம் வருபவர்களில் பலருக்குச் சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்திருக்கும். அது பெரும்பாலும் இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வைத்தான் கெடுக்கும். அதையே பார்த்துப் பார்த்து, ஆளைப் பார்க்காமலே எழுதும் அளவுக்குத் திமிர் வந்திருந்தது.

ஒருநாள் காலை புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரியப்பனும் மனைவி செல்வமணியும் வந்தார்கள். மாரியப்பனுக்குக் கால் வீக்கம், வயிறு உப்பல், அடிக்கடி வயிற்றுப்போக்கு. இடையிடையே முகம் திடீரென்று சிவந்துபோகும். ஆள் ஒளித்துக் குடிக்கிறான் என்று அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். செல்வமணியும் நம்பிவிட்டார்.

“சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாருங்க மிஸ். அப்பவும் மொகம் செவந்துதான் இருந்துச்சு. இன்னைக்கு இங்க காட்டிட்டு, நான் பன்விலயில இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போறேன்.” மடியில் துணிப்பை தயாராக இருந்தது.

“சாராய வாசமே எனக்கு ஆகாதுங்க,” என்றார் மாரியப்பன், கூரையைப் பார்த்தபடி.

ஜெல் பூசி, ஸ்கேன் மெஷினின் ப்ரோபை நெஞ்சில் வைத்தேன். மைட்ரல் வால்வு ஒழுங்காகத் திறந்து மூடியது. ஃபோம் ஒன்று வீணானதில் எனக்கு எரிச்சல். வலப்பக்கத்தை எட்டியும் பார்க்காமல் துடைக்கப் போனேன்.

“மிஸ், இதுல சாராயம் தெரியுமாங்க?” என்றார் செல்வமணி.

“இது ஹார்ட் பாக்கிற மெஷின்மா.”

“ஈரலாவது தெரியுமா? குடிச்சா ஈரல்தானே போவும்?”

விடமாட்டார் போலிருந்தது. அவர் வாயை அடைப்பதற்காகவே ப்ரோபை விலாவுக்குக் கீழே நகர்த்தினேன். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. ஈரலிலிருந்து இதயத்துக்குப் போகும் இரத்தநாளம் வீங்கியிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் ஈரலுக்கே திரும்பி வந்தது. ஈரலிலும் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. நாளத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். வலப்பக்கத்து ட்ரைகஸ்பிட் வால்வு தடித்து விறைத்து, துருப்பிடித்த கதவு மாதிரிப் பாதி திறந்தபடியே நின்றது.

அந்த நேரம் பார்த்து மாரியப்பனின் முகம் கழுத்துவரை சிவந்தது. என் அறையில் ஜெல் போத்தலைத் தவிர வேறு போத்தல் இல்லை.

டொக்டரைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். திரையை வெகுநேரம் பார்த்தார்.

“வாதக் காய்ச்சல் இப்பிடிச் செய்யாது. வேறை எங்கையோ கட்டி ஒண்டு இருக்கவேணும். அது சுரக்கிறதுதான் வால்வையும் தடிக்க வைக்குது, முகத்தையும் சிவக்க வைக்குது எண்டு நினைக்கிறன். வயித்தை ஸ்கேன் பண்ணிப் பாப்பம், மூத்திரத்தையும் சோதிப்பம்.”

அவர் சொன்னதுதான் சரி. குடலில் சின்னக் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் இருவரையும் உட்காரவைத்து, இது புற்றுநோய், ஊசி போட்டு அடக்கி வைக்கலாம், முழுதாகப் போகாது என்று சொன்னார். மாரியப்பன் கேட்டது ஒன்றுதான்.

“அப்ப இது குடிச்சதால வந்ததில்லீங்களேய்யா?”

“ஓம், குடியாலை வந்ததில்லை.”

மாரியப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். செல்வமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, “அத ஒரு தாள்ல எழுதி சீல் குத்திக் குடுங்கய்யா. லயத்துல எல்லாருக்கும் காட்டணும்,” என்றார். டொக்டர் எழுதிக் கொடுத்தார். சீல் மங்கலாக விழுந்திருக்கிறது என்று செல்வமணி இன்னொரு தடவை குத்த வைத்தார்.

அன்றிலிருந்து ஜெல்லைத் துடைக்கும்வரை நான் ஃபோமில் பேனா வைத்ததில்லை. நான்கு வால்வையும் பார்ப்பேன், கடைசியில் ஈரலையும் பார்ப்பேன். மாரியப்பன் மாதாமாதம் ஊசிக்கு வந்துபோனார். செல்வமணியின் மடியில் அதே துணிப்பை இருக்கும். அதில் அவருக்குச் சோறு கட்டிக் கொண்டுவந்திருப்பார்.