ஒரே வரியில் இரண்டு மாமன்கள்

டீக்கடை மேசைமேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குமாரதாஸ் டம்ளரைக் கீழே வைப்பார். நிற்காவிட்டால் பீடிக்கட்டு அட்டையை மடித்து மேசைக்காலுக்கு அடியில் செருகுவார். முப்பத்திரண்டு வருடக் கொத்து வேலை தந்த வியாதி. குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோதும், கட்டில் தலைமாட்டில் இரண்டு நூல் சரிவு இருப்பதாக நர்சைக் கூப்பிட்டுச் சொன்னவர் அவர். அவர் கட்டிய சுவரில் பல்லிகூட நேராகத்தான் ஏறும் என்று இராஜாக்கமங்கலத்தில் சொல்வார்கள்.

மகள் பிரிஜா குவைத்தில் நர்ஸ். கல்யாணம் நிச்சயமானதும், அழைப்பிதழை ஒரு வலைப்பக்கமாகப் போட்டால் வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்களே என்றாள். செய்து தர ஆள் இருந்தது. குமாரதாஸ் விடவில்லை. "எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு வேற எவனோ செவரு கட்டுகதா? நானே கட்டுதேன்." வலைப்பக்கமும் ஒரு சுவர்தானே என்று நினைத்துவிட்டார், பாவம்.

முதல் நாள் அவர் அடித்த தமிழெல்லாம் திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்தது. யூடியூபில் ஒருவன் சொன்ன ஒற்றை வரியைப் பக்கத்தின் உச்சியில் சேர்த்ததும் எழுத்துக்குத் தெளிவு வந்தது. அந்த வரி மறந்துபோகாதிருக்க அடுக்களைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தார். இரண்டாம் நாள், பெயர்களுக்கு நடுவில் இடம் விடுவதற்காக ஸ்பேஸ் பட்டனை நூறு தடவை தட்டினார். திரையில் ஒரு தடவை தட்டிய இடம்தான் இருந்தது.

"நூறு கல்லு எறக்குனேன் குளோரி, ஒத்தக் கல்லுதான் நிக்கி. மிச்சத்த இந்த பிரவுசரு தின்னுட்டு."

"அதுக்காவது பசிக்குவு. நீங்க காலத்தேருந்து ஒண்ணும் தின்னல்ல" என்றாள் மனைவி குளோரி.

எப்படியோ யூடியூபைப் பார்த்துப் பார்த்து இடம் விடவும் படித்தார். பூதம் அதற்குப் பிறகுதான் புறப்பட்டது.

குளோரிக்கு இரட்டைத் தம்பிகள். வேளாங்கண்ணி, மரியஜான். இருவரும் முட்டத்தில் இரண்டு தெரு தள்ளி வீடு கட்டியிருக்கிறார்கள். மூத்தவன் பதினோரு நிமிடம் மூத்தவன்; இளையவன் அதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே அந்தக் குடும்பத்தில் எந்த அழைப்பிதழ் அடித்தாலும் இரண்டு பெயரும் ஒரே வரியில், ஒரே அளவில் இருக்கும். இடப்பக்கம் யார் என்ற வழக்குக்கூட, கல்யாணத்துக்கு ஒருவர் என்று முறைவைத்ததில் தீர்ந்தது. பெண் வீட்டுப் படி இறங்கும்போது தாய்மாமன் கையைப் பிடித்து இறங்குவது அங்கே வழக்கம். இரண்டு மாமன், இரண்டு கை. ஒருவன் வராவிட்டால் பிரிஜாவின் ஒரு கை சும்மா தொங்கும், ஊரே அந்தக் கையைத்தான் பார்க்கும்.

குமாரதாஸுக்கு இது தெரியாதா? கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பெயருக்கும் அடியில் ரசமட்டத்தைப் பிடித்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அந்தத் திருப்தியோடு குடும்பக் குரூப்பில் லிங்கை அனுப்பினார். பத்தே நிமிடத்தில் மரியஜான் கூப்பிட்டான்.

"பிந்திப் பொறந்ததுக்கு எம்பேர அவனுக்க கால்மாட்டுலயா போட்டீரு? நான் கல்யாணத்துக்கு வரல்ல அத்தான்."

போனில் திறந்து பார்த்தார். உண்மைதான். திரையின் அகலம் போதாமல் மரியஜான் அடுத்த வரிக்கு விழுந்து, அண்ணனுக்குக் கீழே கிடந்தான்.

எழுத்தைச் சின்னதாக்கினார். இருவரும் ஒரே வரிக்கு வந்தார்கள், ஆனால் இன்னாரென்று தெரியவில்லை. "எறும்பு ஊருகது போல இருக்கு அப்பா" என்று குவைத்திலிருந்து செய்தி வந்தது. சரி, எழுத்தைப் பழையபடி ஆக்கி, வரி உடையக் கூடாதென்று ஒரு கட்டளை போட்டார். வரி உடையவில்லை. மரியஜான் திரைக்கு வெளியே போனான். அவன் பெயரில் 'ம' மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

"கீழ கெடந்தவன இப்ப வீட்ட விட்டே எறக்கியாச்சா?" என்று மறுபடியும் போன்.

"பேரு ரெண்டையும் எடுத்துட்டு, தாய்மாமன்மாருன்னு மட்டும் போடுங்க அப்பா" என்றாள் பிரிஜா.

"பேரில்லாத்த மாமன் ஆருக்க மாமன் மக்களே?" என்றார் குமாரதாஸ். ஒரு சுவரும் சரியாமல் கட்டியவருக்கு, சொந்த மகள் கல்யாணத்தில் ஒரு வரி சரிகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் சோறு இறங்காமல் போனோடு கட்டிலில் சாய்ந்தார். போன் கையில் படுக்கையாகத் திரும்பியது. திரையும் கூடவே புரண்டது. வேளாங்கண்ணியும் மரியஜானும் ஒரே வரியில் நின்றார்கள்.

வாரிச் சுருட்டிக்கொண்டு முட்டத்துக்குப் போய்க் காட்டினார். மரியஜான் பார்த்தான். பிறகு போனை மெதுவாக நேரே நிமிர்த்தினான்.

"இப்பிடிப் பிடிச்சா அவன் மேல ஏறுகானே அத்தான். நான் எப்பவும் சரிச்சுப் பிடிச்சிட்டே நடக்கணுமா?"

மறுநாள் காலையில் குமாரதாஸ் மரியஜான் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஸ்கூட்டரின் முன்னால் சிமென்ட் கலவை வாளி இருந்தது. யாரையும் கேட்கவில்லை. முன்னறைச் சுவரை உளியால் கொத்தி, ஒரு சின்ன மாடம் எடுத்தார். அகலம் முக்கால் சாண், உயரம் நாலு விரல். போனை நேரே நிறுத்தினால் உள்ளே போகாது, படுக்கவைத்தால்தான் போகும். அடிப்பக்கம் பூசி, தேய்த்து, ரசமட்டம் வைத்து, அரை நூல் சரிவைக் கரண்டி முனையால் வழித்து, மறுபடியும் வைத்தார். மரியஜான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பூச்சு மேலாக ஈரம் வாங்கியதும் மரியஜானின் போனை மாடத்துக்குள் வைத்தார். மரியஜான் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த ரசமட்டத்தை வாங்கி, திரையில் இரண்டு பெயருக்கும் அடியில் தானே பிடித்துப் பார்த்தான். குமிழி நடுவில் வந்து நின்றது.

"பிரிஜாக்க எந்தக் கைய நான் பிடிக்கணும்?"

"இந்தத் தடவ ஒனக்கு வலது மக்கா" என்றார் குமாரதாஸ்.

வெளியே வந்தார். வாளியில் இன்னொரு மாடத்துக்கான பாதிக் கலவை மிச்சமிருந்தது. அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடி ஸ்கூட்டரில் ஏற்றினார். வீட்டுக்குப் போகும் சாலையில் திரும்பாமல், கலவை இறுகுவதற்குள் வேளாங்கண்ணியின் தெருவுக்குள் வண்டியை விட்டார்.