மூங்கிலுப்பு என்று நான் விற்ற தூள்

மூங்கிலுப்பு என்று சொல்லிச் சாக்கட்டித் தூளை விற்றவன் நான். யுத்த காலத்தில், தேவாரம் என்ற ஊரில் இருந்த என் நாட்டு மருந்துக் கடையில் அது நடந்தது.

மூங்கில் கணுவுக்குள் வெள்ளையாக இறுகிக் கிடப்பதுதான் மூங்கிலுப்பு. பிள்ளைகளின் இருமலுக்குத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். கட்டியை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும்; அப்படிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த வருஷத்து அடைமழையில் மலையிலிருந்து சரக்கு இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், பள்ளிக்கூடப் பலகையில் எழுதும் சாக்கட்டியை அரைத்துப் பொட்டலம் கட்டினேன்.

மகனுக்கு இருமல் என்று, வாடிக்கையாக வரும் செல்லம்மா வந்தார்.

"கட்டியாக் கெடையாதா தம்பி?"

"தூளுன்னா உங்களுக்கு அரைக்கிற வேலை மிச்சம்தானக்கா."

"அதுவுஞ் சரிதேன். படிச்சவுக, பாத்துத்தேன் குடுப்பீக."

சில நாளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி வந்தார். அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு பொட்டலம் குடு தம்பி. இருமல் இன்னுங் கேக்கல."

என் கை பொட்டலத்தை எடுக்கவில்லை. "அக்கா, அது மருந்தில்ல, சாக்கட்டி" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வண்டியப் பூட்டு" என்றார்.

போடி ஆஸ்பத்திரிக்கு நானே வண்டி ஓட்டினேன். அவன் தேறும்வரை அங்கேயே கிடந்தேன். பிழைத்தான், ஆனால் ஓடினால் மூச்சு வாங்கும்.

அன்றிலிருந்து மூங்கிலுப்பைக் கட்டியாக மட்டுமே விற்றேன். இல்லாத நாளில் இல்லை என்றேன். செல்லம்மா கடைசிவரை என் கடைக்குத்தான் வந்தார். ஆனால் சீரகம் வாங்கினாலும், என் எதிரிலேயே அதில் நாலு மணியை மென்று பார்த்த பிறகுதான் முந்தானையில் முடிந்துகொள்வார்.