சங்கை வெட்டிய கிறிஸ்மஸ் பாட்டு

என் மச்சானுக்கு நல்ல காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் படுத்துகிற பாடு தாங்கவில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வட்டவடையில் பூண்டு போடுகிறவர். பூண்டு நல்ல விலைக்குப் போனதும், டிஎஸ்டி முறையில் பதிவு செய்கிற பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு மூணாறில் ஜீப்பைவிட்டு இறங்கினார். என்னிடம் ஏற்கெனவே பிசிஎம் பெட்டி இருந்தது. எங்கள் தேயிலை எஸ்டேட் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன் நான். பாட்டைப் பதிவு செய்வதும் என் வேலை.

வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளமாக வேண்டுமென்றால் மச்சானிடம் போங்கள், பொழுது போய்விடும். என் பெட்டி நொடிக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் தடவை சத்தத்தை அளக்கும். கொழுந்து நிறுப்பதைப்போல, ஒவ்வொரு தடவையும் இவ்வளவு என்று இருபத்துநாலு பிட்டில் குறிக்கும். அவருடையது இருபத்தெட்டு லட்சம் தடவை பார்க்கும், ஆனால் ஒரே பிட். தராசு முள் ஏறுகிறதா இறங்குகிறதா, அவ்வளவுதான் சொல்லும். "அதான் மாப்ள இயற்கை" என்பார். பூண்டை அப்படி நிறுத்து வியாபாரியிடம் கொடுப்பாரா என்று கேட்டேன். பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கிறிஸ்மஸ் விடியலில் சர்ச் கோபுரத்திலிருந்து யாருடைய பதிவைப் போடுவது என்பதுதான் தகராறு. போடப்போவது துருப்பிடித்த கூம்பு ஸ்பீக்கரில். அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் என் மனைவி, அவள்தான் தனிக்குரலில் பாடுகிறவள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் அண்ணன் சொல்வதுதான் சரி. இந்த ஒரு தடவையாவது என்னுடையது நல்லாயிருக்கு என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

பாடுகிற பெண்கள் எல்லாரும் கொழுந்து எடுப்பவர்கள், கத்திரியால் தண்டு சேராமல் வெட்டுகிறவர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஒன்றுசேர்வார்கள். அதில் ஒரு சங்கடம். கடைசிச் சரணத்துக்கு முன்னால் சரியாக ஃபேக்டரி சங்கு ஊதும், எல்லாரும் மலைக்கு ஓடுவார்கள். பதிவுக்காக மட்டும் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கொஞ்ச நேரம் கூடுதலாக வாங்கினேன். ஒரே மைக்குகளிலிருந்து இரண்டு பெட்டிக்கும் வயர் பிரித்தோம். சங்கு ஊதியது, பாட்டை நிறுத்தினார்கள், ஊதி முடித்ததும் கடைசிச் சரணத்தைப் பாடினார்கள்.

வீட்டில் உட்கார்ந்து என் பதிவிலிருந்து சங்கை வெட்டி ஒட்டினேன். டிஎஸ்டியை அப்படி நேராக வெட்ட முடியாது, பிசிஎம்முக்கு மாற்றித்தான் வெட்ட வேண்டும். "என் பெட்டி உங்க பெட்டிகிட்ட கைநீட்டணுமா? சங்கு கிடக்கட்டும்" என்று மச்சான் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதலில் மச்சானுடையது. அருமையாகத்தான் இருந்தது, வயிறு எரிந்தது. பிறகு சங்கு ஊதியது. ஹாலே எழுந்துவிட்டது. சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்துவிட்டு, "ம், கிளம்புங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை! பட்டுப்புடவையோடு முதல் ஆளாக வாசலைத் தாண்டியவள் என் மனைவி.

"பாத்தீங்களா மாப்ள, எவ்வளவு தத்ரூபம்" என்றார் மச்சான். நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

எல்லாரையும் திரும்ப அழைத்து என்னுடையதைப் போட்டேன். யாரும் அசையவில்லை. முடிந்ததும் என் மனைவி, "இவரோடதையே போடுங்க" என்றாள். எனக்குக் கால் தரையில் இல்லை. ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அண்ணனோடதப் போட்டா கிறிஸ்மஸ் அன்னிக்கு ஊரே கொழுந்தெடுக்கப் போயிரும்."

"சரி, சத்தம்?"

"சத்தம் ரெண்டும் ஒண்ணுதான்."

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாழ்க்கையில் முதல்முறையாக நாங்கள் ஒரே கட்சி. "இவளுக்குக் காதே இல்ல மாப்ள" என்றார், நிஜமாகவே மனசு உடைந்துபோய்.

கிறிஸ்மஸ் விடியலில் கோபுரம் பாடியது. கூம்பு ஸ்பீக்கரில் அந்த இருபத்துநாலு பிட்டும் தகர டப்பாவுக்குள் உருண்டன. அவள் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கடைசிச் சரணம் நெருங்கியபோது, அவள் கை டம்ளரை வைத்துவிட்டு மூலையில் இருந்த கொழுந்து வெட்டும் கத்திரிக்குப் போனது. சங்கு வரவில்லை. சரணம் வந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா வெட்டியிருக்கீங்க" என்றாள். "ஒரு தண்டுகூடத் தெரியல."