டப்பாவில் நிறைந்தது ரத்தமில்லை

ஜெர்மனியில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் தீக்காய வார்டில், நோயாளிகள் உறிஞ்சும் மெஷினைத் தோள்பையில் மாட்டிக்கொண்டு காப்பி குடிக்கப் போகிறார்கள். புண்ணின் மேல் பஞ்சு மாதிரி ஒரு ஃபோம், அதை மூடிக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாள், அதிலிருந்து ஒரு குழாய். புண்ணில் ஊறும் நீரை மெஷின் இழுத்து டப்பாவில் சேர்க்கும். அதைப் பொருத்துமுன் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வரும், எந்த நிறத்தில் வரும் என்று படம் போட்டுச் சொல்லியாக வேண்டும். மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு பெரியவருக்கு அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை.

போன வருஷம் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் என் தங்கை செல்விக்கும் இதே மெஷினைத்தான் வைத்தார்கள். திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊரில் மழை பொய்த்தால் பட்டாசுக் கம்பெனி வேன்தான் கதி. அங்கே வெடிமருந்து பற்றியதில் அவளுடைய வலது கை வெந்துபோனது. தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டி, அது நகராமல் பிடிப்பதற்காக மேலே மெஷினைப் பொருத்தினார்கள். ஐந்து நாள் ஓடினால் கை பிழைக்கும். நான் போனில் அம்மாவிடம், "டாக்டர் சொல்றதக் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனேன். டாக்டர் ஏதாவது சொன்னால்தானே கேட்பதற்கு!

இரண்டாம் நாள் மத்தியானம், நர்ஸ் சாப்பிடப் போயிருந்தபோது, அம்மா மெஷினை அணைத்துவிட்டாள். சாயங்காலம்வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் உள்ளே நீர் கோத்து, ஒட்டிய தோல் கிளம்பிவிட்டது.

"என்ன காரியம்மா பண்ணிவச்ச?" என்று போனில் கத்தினேன்.

"ஏன்டி கத்துற? பிள்ளைக்கு ரத்தம் கம்மின்னு சொல்லி ரெண்டு பாட்டில் ஏத்துனாக. மக்யா நாளே செவசெவன்னு டப்பா நெறய உறிஞ்சுறாக. ஏத்துனது பூராம் போகுதேன்னு நிப்பாட்டுனேன். பெத்தவ பாத்துக்கிட்டா இருப்பா?"

"அது ரத்தமில்லம்மா. புண்ணுத்தண்ணி."

"அத ஒருத்தராச்சும் சொன்னாகளா? கேட்டா, தள்ளிப் போம்மாங்குறாக. நீயாச்சும் சொன்னியா?"

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஆஸ்பத்திரி எப்போதும் சொல்லும் ஒரே வார்த்தை, ரத்தம் கம்மி. அம்மா அதைத்தான் நம்பினாள், அதன்படிதான் செய்தாள். கைநாட்டுப் பொம்பளைக்கு என்ன விளங்கப்போகிறது என்கிற திமிர் அந்த வார்டில் இருந்தது. என்னிடமும் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு வரி வரியாக விளக்குகிற எனக்கு, பெற்றவளிடம் இரண்டு நிமிஷம் பேசத் துப்பில்லை.

தங்கைக்கு ஒட்டிய தோல் கிளம்பிவிட்டதைச் சொன்னபோது, கூட வேலை செய்யும் பிர்கிட் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் இந்த மெஷின் இல்லையோ?" என்று கேட்டாள். "இருக்கிறது" என்றேன். ரோஷத்தில் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

செல்விக்கு மறுபடியும் தோல் எடுத்து ஒட்டினார்கள். ஆனாலும் மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

நேற்றுக் காலை ஒரு ஜெர்மன்காரிக்குக் கைக்கட்டைப் பிரித்தேன். தோல் அருமையாகப் பிடித்திருந்தது. "மெதுவா விரி, தாயி" என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்கு எப்படியோ விளங்கியது. ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டிச் சிரித்தாள். "ஸேர் கூட்" என்றேன், ரொம்ப நல்லது என்று. சொல்லிவிட்டும், அவளுடைய மூன்று விரல்களை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.