அடிக்காத ஹோர்ன்

கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஆற்றுச் சரிவு. பளீல் ஓட்டும் பஸ் அந்த இடத்துக்கு வந்ததும் ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும். ஹோர்னின் றப்பர் குமிழை மூன்று தரம் அமுக்குவார். பிறகு பஸ்ஸை நிறுத்திக் காது கொடுப்பார். அதற்குப் பிறகுதான் திருப்புவார். மழையோ வெயிலோ, பஸ் நிறைந்திருந்தாலும் வெறுமையாக இருந்தாலும், ஒன்பது வருஷமாக இதே வழக்கம்.

"என்ன நானா, வளைவுக்கு ஸலாம் சொல்றீங்களா?" என்று மரக்கறிக் கூடைக்காரி கமலம் பின்னாலிருந்து கத்துவாள். "பதில் வராட்டிச் சொல்லுங்க, நாங்க இறங்கி நடந்தாவது போறோம்!"

பஸ் முழுக்கச் சிரிக்கும். பளீல் முன்னால் பார்த்தபடியே இருப்பார்.

1928இல் அந்தப் பாதையில் மூன்று முதலாளிமாரின் பஸ்கள் ஓடின. முந்திப் போகிறவனுக்கே ஆட்கள். வளைவுக்கு அப்பால் சந்தைக்குப் போகும் சனம் நிற்கும். முன்னால் போன பஸ் அங்கே ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஹோர்ன் கேட்டால், உடனே புறப்பட்டு அடுத்த சந்திக்குப் பறந்துவிடும். சத்தமில்லாமல் வந்து அதைத் தாண்டிவிடுவதுதான் கெட்டித்தனம். அதனால் எல்லா வளைவிலும் ஹோர்ன் அடிக்கிற சாரதிகள் அந்த ஒன்றில் மட்டும் பதுங்கி வருவார்கள். யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. தொழில் அப்படி.

அந்த வருஷம் மார்கழியில், விடிந்தும் பனி விலகாத ஒரு காலையில், பளீலும் அப்படித்தான் வந்தார். எதிரே தேயிலைப் பெட்டி ஏற்றிய ராஜலிங்கத்தின் மாட்டுவண்டி. ஒரு மாடு அங்கேயே செத்தது. ராஜலிங்கத்தின் முழங்கால் நொறுங்கியது.

விசாரணையில், "ஹோர்ன் அடிச்சேன்" என்றார் பளீல். பயணிகளும் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வழி முழுக்கக் கேட்ட சத்தம், எந்த வளைவில் கேட்கவில்லை என்று யார் நினைவில் வைத்திருப்பார்? ஹோர்ன் அடித்தும் ஒதுங்காத வண்டிக்காரர் தூங்கித்தான் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அவருக்குத் 'தூங்குவண்டி' என்று பெயர். கால் ஓரளவு தேறிய பிறகும் ஒரு தோட்டமோ கடையோ அவரை நம்பிச் சுமை கொடுக்கவில்லை. ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போனார்.

1937இல் ஒருநாள் பஸ் சூடேறி அந்த வளைவிலேயே நின்றது. பளீல் தண்ணீர் வாளியோடு இறங்கினார். கற்குவியலருகே ராஜலிங்கம் இருந்தார்.

"நானா, தெனம் மூணு தரம் அடிக்கிறீங்க. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்கு விட்டதையும் சேத்தா?"

பளீல் வாளியைக் கீழே வைத்தார். "ராஜலிங்கம், அன்னைக்கு நான்..."

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? நான் முழிச்சிருந்தது எனக்குத் தெரியும். கெலிஓயா தேத்தண்ணிக் கடையில, நாலு பேர் கேக்கச் சொல்லுங்க. பிலிமத்தலாவை முதலாளி ஒருத்தரு வண்டிக்கு ஆள் தேடுறாரு. தூங்குறவன் வேணாமாம்."

"வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு சொல்றேன்."

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனார். "வாங்க நானா, வளைவு இன்னைக்காவது பதில் சொல்லிச்சா?" என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள். பளீல் வாயைத் திறந்தார். லைசன்ஸ் போகும், வீட்டில் ஐந்து பிள்ளைகள். "தேத்தண்ணி ஒண்டு" என்றார். அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"முகம் ஏன் இப்படி?" என்று மனைவி ருக்கியா கேட்டாள்.

"களைப்பு."

அது மெய்தான். அடுத்த வெள்ளியும் போனார், அதற்கடுத்த வெள்ளியும். பிலிமத்தலாவை முதலாளி வேறொருவரை வைத்துக்கொண்டார்.

மறுவருஷம் பளீலின் பார்வை மங்கியது. பஸ்ஸை விட்டார். இனிப் பறிபோக லைசன்ஸும் இல்லை, மூத்த பிள்ளைகளும் தலையெடுத்துவிட்டார்கள். ஆனாலும் கடையில் அதே கதிரையில் உட்கார்ந்து, அதே தேத்தண்ணியை ஆறவிட்டு எழுந்து வந்தார். பயந்ததற்குக் காரணம் இருந்தபோது அவருக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

1939இல் அவர் மௌத்தானார். அடக்கத்துக்குக் கொண்டுபோன ஜனாஸா அந்த வளைவு வழியாகத்தான் போனது. தோளோடு தோளாகச் சனம் ரோட்டை நிறைத்து வந்தது. முன்னால் வந்த ஒருவர் கற்குவியல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய் தூங்குவண்டி, வழி விடு!"

ராஜலிங்கம் காலடிச் சத்தம் கேட்டு, சுத்தியலை வைத்துவிட்டு, ஏற்கனவே ஒதுங்கித்தான் நின்றிருந்தார்.